ஜூகன் பள்ளத்தாக்கு: 2013இல் அனுமதி, 2014இல் கண்டுபிடிப்பு, 2020இல் வெடி

2020 மே 24, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ரியோ டின்டோ நிறுவனத்தின் புரோக்மேன் 4 இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். சுரங்கத்தில் வெடி வைப்பது வழக்கமான வேலைதான். ஆனால் அன்றைய வெடியில் ஜூகன் பள்ளத்தாக்கிலிருந்த இரண்டு பாறைக்குகைகள் சிதைந்துபோயின. அவற்றில் ஜூகன் 2 என்று தொல்லியலாளர்கள் பெயரிட்டிருந்த குகையில், சுமார் 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிப் போனதற்கான தடயங்கள் இருந்தன.

செய்தியைப் படித்தவர்கள் எல்லோருக்கும் முதலில் எழுந்த கேள்வி, இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்பதுதான். அரசாங்கம்தான் கொடுத்தது. நிறுவனம் விண்ணப்பித்தது, அமைச்சர் கையெழுத்திட்டார், கோப்பு முடிந்தது. திருட்டுத்தனமாக நடந்திருந்தால் யாரையாவது பிடித்து அபராதம் போட்டுக் கதையை முடித்திருக்கலாம். மாநிலச் சட்டத்தின் கண்ணில் இங்கே குற்றம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் இந்த வழக்கைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடமும் மக்களும்

ஜூகன் பள்ளத்தாக்கு ஹேமர்ஸ்லி மலைத்தொடரில், டாம் பிரைஸ் என்ற சுரங்க ஊரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த மண்ணுக்கு உரியவர்கள் பூட்டு குன்டி குர்ராமா, பினிகூரா என்ற இரு பூர்வகுடி மக்கள். சேர்த்துச் சொல்லும்போது பி.கே.கே.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பள்ளத்தாக்கின் பெயரே அவர்களுடைய மூதாதை ஒருவரின் பெயர்.

பில்பராவின் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே இரும்பு, பட்டை பட்டையாகப் படிந்த பழம்பாறையில் இருக்கிறது. அந்தப் பாறை அரித்துக் குடைந்துதான் குகைகளும் உண்டாகின்றன. ஆக, தாது இருக்கும் கல்லிலேயே பழைய மனிதர் தங்கிய இடமும் இருக்கிறது. சுரங்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டுவிட முடியாத சிக்கல் இது. ஒவ்வொரு குழியின் எல்லைக் கோட்டையும் எங்கே போடுவது என்பதே ஒரு பண்பாட்டு முடிவாகிவிடுகிறது.

நேட்டிவ் டைட்டில் தருவதும் தராததும்

பிரிட்டிஷார் ஆஸ்திரேலியாவை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் போலவே நடத்தினார்கள். 1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கற்பனையைத் தள்ளுபடி செய்தது. வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே பூர்வகுடிகளுக்கு நிலத்தின் மேல் உரிமை இருந்தது, பல இடங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு நேட்டிவ் டைட்டில், அதாவது பூர்வகுடி நில உரிமை, சட்டம் வந்தது.

இந்த உரிமை நமக்குத் தெரிந்த பட்டா மாதிரியானது அல்ல. தங்கள் மரபுச் சட்டப்படி அந்த மண்ணோடு தொடர்பு அறுந்துபோகவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வழக்குகள் பத்து, இருபது ஆண்டுகள்கூட இழுக்கும். கிடைத்த பிறகும் நிலத்தடிக் கனிமம் அரசுக்குத்தான். சுரங்கக் குத்தகை வரும்போது பூர்வகுடிகளுக்குக் கிடைப்பது பேச்சு நடத்தும் உரிமை. நல்லெண்ணத்தோடு ஆறு மாதம் பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் விஷயம் தேசிய தீர்ப்பாயத்துக்குப் போகும். வேண்டாம் என்று தடுத்து நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் கிடையாது.

இதன் விளைவு எளிதில் புரியும். மறுக்க முடியாதவர் பேரம் பேச உட்கார்ந்தால், கிடைப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பி.கே.கே.பி. மக்கள் 2011இல் ரியோ டின்டோவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பணம், வேலைவாய்ப்பு, கலந்தாலோசனைக்கான நடைமுறை எல்லாம் அதில் இருந்தன. கூடவே, நிறுவனம் பாரம்பரிய இடங்களுக்கான அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. வாய்ப்பூட்டு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பில்பராவில் வேறு பல குழுக்களின் ஒப்பந்தங்களிலும் இதே மாதிரி வரிகள் இருந்தன என்பது பிறகு நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. பி.கே.கே.பி. மக்களின் நில உரிமையை நீதிமன்றம் முறைப்படி அறிவித்தது 2015இல்தான். அதாவது உரிமை உறுதியாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வாய் பூட்டப்பட்டுவிட்டது.

18ஆம் பிரிவு

நில உரிமை ஒரு சட்டம், பாரம்பரியப் பாதுகாப்பு இன்னொரு சட்டம். மேற்கு ஆஸ்திரேலியாவில் இரண்டாவதற்கு 1972ஆம் ஆண்டின் பூர்வகுடி பாரம்பரியச் சட்டம் இருந்தது. அதன் 17ஆம் பிரிவு, பூர்வகுடிகளின் இடங்களைச் சேதப்படுத்துவது குற்றம் என்கிறது. அடுத்ததாக வரும் 18ஆம் பிரிவு, நிலத்தை வைத்திருப்பவர் அமைச்சரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டால் குற்றமில்லை என்கிறது. சுரங்கக் குத்தகைதாரரும் நிலத்தை வைத்திருப்பவர்தான்.

ஒரு குழு விண்ணப்பத்தைப் பார்த்து அமைச்சருக்குப் பரிந்துரைக்கும். அமைச்சர் முடிவெடுப்பார். அன்றைய சட்டப்படி, முடிவு பிடிக்காவிட்டால் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போக முடிந்தது. அந்த இடத்துக்கு உரிய பூர்வகுடி மக்களால் போக முடியவில்லை. 2020இல் இதைப் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. பாதுகாப்புச் சட்டம் என்று பெயர்; இடிக்க வருபவருக்கு மேல்முறையீடு உண்டு, காக்க வருபவருக்கு இல்லை. நடைமுறையில் சுரங்க விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுவது மிக அபூர்வம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. இந்த வழக்கில் எல்லாம் அதில்தான் போய் விழுந்தது. சம்மதம் கொடுத்த பிறகு புதிய தகவல் கிடைத்தால் என்ன செய்வது என்று அன்றைய சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான்கு வழிகள்

புரோக்மேன் 4 சுரங்கத்தின் குழியை விரிவாக்கும் திட்டம் வரையப்பட்டபோது ரியோ டின்டோவின் மேசையில் நான்கு வழிகள் இருந்தன. மூன்று வழிகளில் குகைகள் தப்பும். நான்காவதில் தப்பாது, ஆனால் கூடுதலாக 80 லட்சம் டன் உயர்தரத் தாது கிடைக்கும். அதன் மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். நிறுவனம் நான்காவதைத் தேர்ந்தெடுத்தது.

80 லட்சம் டன் என்றால் பெரிதாகத் தெரியும். ரியோ டின்டோ பில்பராவிலிருந்து ஆண்டுக்கு முப்பது கோடி டன்னுக்கு மேல் கப்பலேற்றுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒன்பது பத்து நாள் சரக்கு.

சரி, மண்ணுக்கு உரியவர்களிடம் இதைச் சொன்னார்களா? மற்ற மூன்று வழிகள் இருந்த விஷயமே பி.கே.கே.பி. மக்களுக்குத் தெரியாது. தலைமை நிர்வாகியாக இருந்த ழான் செபாஸ்டியன் ழாக் 2020 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார். கலந்தாலோசனைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன, ஆய்வுகள் நடந்திருக்கின்றன, பெரியவர்கள் வந்து இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தேர்ந்தெடுக்க வேறு வழி இருக்கிறது என்று தெரியாதவரிடம் போய்க் கருத்துக் கேட்பதை எப்படிக் கலந்தாலோசனை என்பது? வரைபடத்தில் கோடு போட்டு முடித்த பிறகு வந்து காட்டுவதற்குத் தகவல் சொல்வது என்று பெயர். என் பார்வையில் ஜூகன் குகைகள் இடிந்தது இந்த இடத்தில்தான். 2020 வெடி அதன் பின்விளைவு.

2013 டிசம்பர் கடைசியில் அமைச்சரின் சம்மதம் கிடைத்தது.

சல்லடையில் கிடைத்தது

2008இல் ஜூகன் 2-இல் ஒரு சிறு சோதனைக் குழி தோண்டியிருந்தார்கள். இடம் பழையது என்று அப்போதே தெரிந்தது. எவ்வளவு முக்கியமானது என்பது 2014இல்தான் தெரிந்தது. எப்படியும் இடியப் போகிறது, அதற்குள் எடுக்க முடிந்ததை எடுத்துவிடுவோம் என்று நிறுவனமே பணம் கொடுத்து மீட்பு அகழாய்வு நடத்தியது. தொல்லியலாளர் மைக்கேல் ஸ்லாக் தலைமை தாங்கினார்.

7,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அரைகல், கல் கருவிகள். கங்காருவின் கால் எலும்பைக் கூர்தீட்டிச் செய்த ஒரு கருவி. அதன் வயது 28,000 ஆண்டு. கடைசிப் பனியுகத்தில் உள்நாட்டு ஆஸ்திரேலியா வறண்டு கிடந்தபோது பல இடங்களை மக்கள் கைவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஜூகன் 2-க்கு அந்தக் காலத்திலும் ஆள் வந்து போயிருப்பதை மண் அடுக்குகள் காட்டின.

எல்லாவற்றிலும் மனதைப் பிடிப்பது ஒரு துண்டு முடிப் பின்னல். 4,000 ஆண்டு பழையது. பலருடைய தலைமுடியைச் சேர்த்து முறுக்கிப் பின்னியது, இடுப்பில் கட்டும் வாரின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். அதன் மரபணுவைச் சோதித்தபோது, இன்று அந்தப் பகுதியில் வாழும் பி.கே.கே.பி. மக்களின் முன்னோர் வழியோடு அது பொருந்தியது. நேட்டிவ் டைட்டில் வழக்கில் தங்கள் தொடர்பு அறுபடவில்லை என்று இந்த மக்கள் காகிதம் காகிதமாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இங்கே யாரோ நாலைந்து பேர் தங்கள் முடியைக் கொடுத்துப் பின்னிய ஒரு கயிறு அதைச் சொல்லிவிட்டது.

ஆனால் சம்மதம் 2013இல் கொடுத்தாகிவிட்டது. அகழாய்வின் முழு அறிக்கை 2018இல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இடம் உச்சபட்ச முக்கியத்துவம் உடையது என்று அதில் தெளிவாக இருந்தது. அமைச்சரிடம் போய் முடிவை மறுபடி பாருங்கள் என்று சொல்லச் சட்டத்தில் வழி கிடையாது. நிறுவனம் தானாக நிறுத்தியிருக்கலாம், அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அறிக்கை ஒரு துறையில் இருந்தது, வெடி அட்டவணை இன்னொரு துறையில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது அந்த நிறுவனத்துக்குள் தெளிவாக இல்லை. பொருள்களை எடுத்தாகிவிட்டது, இனி இடத்துக்கு என்ன வேலை என்ற நினைப்பும் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. தொல்லியலில் மீட்பு என்ற சொல்லே ஒரு மாதிரி ஏமாற்றும். பொருள் மீண்டது. பக்கத்துச் சுனையும், ஓடையும், அந்த இடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையும் சல்லடையில் தங்குகிறவை அல்ல.

மே 2020

ஆஸ்திரேலியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நெய்டாக் வாரம் என்று பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டி ஜூகனுக்குப் போய்வரலாமா என்று பி.கே.கே.பி. தரப்பு அனுமதி கேட்டது. தங்கள் மூதாதையின் பெயர் கொண்ட இடத்துக்குப் போக நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருந்தது, அதைத் தனியாகவே யோசிக்கலாம். அப்படிக் கேட்டபோதுதான், மே 15 அன்று, அங்கே வெடி வைக்க ஏற்பாடு நடக்கிறது என்று தெரியவந்தது.

அடுத்த ஒன்பது நாளில் நடந்தவை பதற்றமான கடிதப் போக்குவரத்து. நிறுத்துங்கள் என்றார்கள். குழி போட்டு மருந்து வைத்தாகிவிட்டது, இனி எடுப்பது ஆபத்து என்றது நிறுவனம். மொத்தம் 382 துளைகள். தொழில்நுட்ப ரீதியாக அந்தப் பதிலில் உண்மை உண்டு. துளைக்குள் இறக்கிய மருந்தை வெளியே எடுப்பது எவருக்கும் பிடிக்காத வேலை. அதே சமயம் 7 துளைகளிலிருந்து மருந்தை எடுத்திருக்கிறார்கள். ஏன்? அருகே 18ஆம் பிரிவுச் சம்மதம் வாங்காத வேறு சில இடங்கள் இருந்தன. அவை சேதமானால் அது குற்றமாகியிருக்கும். சட்டம் கேட்டபோது எடுக்க முடிந்திருக்கிறது.

தடையாணைக்கு யாராவது நீதிமன்றம் போனால் எதிர்கொள்ள நிறுவனம் வழக்கறிஞர்களைத் தயாராக வைத்திருந்ததும் பிறகு தெரியவந்தது. பி.கே.கே.பி.யின் வழக்கறிஞர்கள் மத்திய பூர்வகுடி விவகார அமைச்சர் கென் வையட்டின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டார்கள். 1984ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, ஆபத்திலிருக்கும் இடத்தைக் காக்க அவசர ஆணை போட முடியும். ஆனால் அந்தச் சட்டம் சுற்றுச்சூழல் அமைச்சரின் கையில் இருந்தது. அலுவலகம் அலுவலகமாகப் போய் எதுவும் நடக்கவில்லை.

மாநிலத்தில் பூர்வகுடி விவகாரத் துறையின் அமைச்சர் பென் வையட். அவரும் பூர்வகுடி வழியினர், கென் வையட்டின் உறவினர். பூர்வகுடி விவகாரத் துறை இரண்டு இடத்திலும் பூர்வகுடி அமைச்சர்களிடம் இருந்த காலத்தில்தான் இது நடந்தது. பென் வையட் அரசியலை விட்ட பிறகு 2021இல் ரியோ டின்டோவின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசும் சுரங்கமும் எவ்வளவு நெருக்கமாகப் புழங்குகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

பதவி போனது எதனால்

வெடி வைத்த மூன்றாம் நாள், மே 27, ஆஸ்திரேலியாவில் நல்லிணக்க வாரம் தொடங்கியது. முதலில் நிறுவனம் நடந்ததைப் புரிதல் கோளாறு என்பது போலப் பேசியது. மன வேதனைக்கு மன்னிப்புக் கேட்டது. இயக்குநர் குழு உள்விசாரணை நடத்தி, 2020 ஆகஸ்டில் மூன்று மூத்த அதிகாரிகளின் போனஸை வெட்டியது. அவ்வளவுதான் தண்டனை என்று இருந்திருக்கும். ஓய்வூதிய நிதிகள்தான் அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியன்சூப்பர், ஹெஸ்டா போன்ற பெரிய பங்குதாரர்கள் போதாது என்று அழுத்தம் கொடுத்தார்கள். செப்டம்பர் 11 அன்று தலைமை நிர்வாகி ழாக், இரும்புத்தாதுப் பிரிவின் தலைவர் கிறிஸ் சாலிஸ்பரி, நிறுவன உறவுப் பிரிவின் தலைவர் சிமோன் நிவன் மூவரும் விலகுவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த மார்ச்சில் இயக்குநர் குழுத் தலைவர் சைமன் தாம்சனும் தான் மறுபடி நிற்கப்போவதில்லை என்றார்.

இடத்துக்கு உரியவர்களால் ஒரு வெடியைத் தடுக்க முடியவில்லை. பங்கு வைத்திருந்தவர்களால் நான்கு மாதத்தில் மூன்று நாற்காலியைக் காலி செய்ய முடிந்தது. ஆனாலும் ழாக் 2020ஆம் ஆண்டுக்கு வாங்கிய மொத்த ஊதியம் முந்தைய ஆண்டைவிட அதிகம். 2021 பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களில் பெரும்பான்மையினர் ஊதிய அறிக்கைக்கு எதிராக வாக்களித்தார்கள்.

நாடாளுமன்றக் கூட்டுக்குழு, வாரன் என்ட்ஷ் தலைமையில், 2020 டிசம்பரில் இடைக்கால அறிக்கையும் 2021 அக்டோபரில் இறுதி அறிக்கையும் கொடுத்தது. என்ட்ஷ் பழமைவாதக் கட்சிக்காரர். அவர் தலைமையிலான குழுவே நிறுவனத்தின் நடத்தை மன்னிக்க முடியாதது என்று எழுதியது. மத்திய அளவில் ஒரு புதிய சட்டம் வேண்டும், அதைப் பூர்வகுடிகளோடு சேர்ந்து வரைய வேண்டும் என்பது முக்கியப் பரிந்துரை.

ஐந்து வாரச் சட்டம்

மாநில அரசு 2021 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேற்றியது. 18ஆம் பிரிவு போயிற்று. செய்யப்போகும் வேலை நிலத்தை எவ்வளவு பாதிக்கும் என்பதைப் பொறுத்து மூன்று படிகள், பெரிய வேலைக்குப் பூர்வகுடி அமைப்போடு மேலாண்மைத் திட்டம், நிறுவனங்களுக்கு 1 கோடி டாலர் வரை அபராதம். ஆனால் உடன்பாடு வராவிட்டால் கடைசி முடிவு மறுபடியும் அமைச்சரிடமே என்று இருந்தது. அதை எதிர்த்துப் பூர்வகுடித் தலைவர்கள் சிலர் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார்கள்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலை 1. அதற்குள் விவசாயிகள் கொதித்துப் போயிருந்தார்கள். 1,100 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் வேலி போட, குழி தோண்டக்கூட அனுமதி வாங்க வேண்டுமோ என்ற பயம் பரவியது. அன்றாட விவசாய வேலைக்குப் பெரும்பாலும் விலக்கு இருந்தது, ஆனால் விதிகளை விளக்கிச் சொல்ல அரசு தாமதித்துவிட்டது. ஒத்திவைக்கக் கோரிய மனுவில் ஏறக்குறைய 30,000 கையெழுத்து விழுந்தது. நாடு முழுக்கப் பூர்வகுடிகளின் நாடாளுமன்றக் குரல், அதாவது நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அமைப்பு, பற்றிய வாக்கெடுப்பு அக்டோபரில் நடக்க இருந்த நேரம். ஆகஸ்ட் 8 அன்று முதல்வர் ரோஜர் குக் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அமலுக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. சுரங்க நிறுவனம் செய்த காரியத்துக்காக வந்த சட்டத்தைக் கோதுமை விவசாயியின் பயம் கவிழ்த்தது.

1972 சட்டம் திருத்தங்களோடு நவம்பரில் திரும்ப வந்தது. இரண்டு திருத்தங்கள் நேரடியாக ஜூகனிலிருந்து பிறந்தவை. சம்மதம் வாங்கிய பிறகு ஓர் இடத்தைப் பற்றிப் புதிய தகவல் தெரிந்தால் அமைச்சருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவர் முடிவை மறுபடி பார்க்கலாம். 2014இல் இந்த ஒரு வரி இருந்திருந்தால், அந்த முடிப் பின்னல் அமைச்சரின் மேசைக்குப் போயிருக்கும். மற்றொன்று, நேட்டிவ் டைட்டில் உள்ளவர்களும் இப்போது மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மாநிலத்துக்கு முக்கியமான விஷயம் என்று கருதினால் முதல்வர் அந்த மேல்முறையீட்டைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளலாம். பில்பராவில் எந்தச் சுரங்கம் மாநிலத்துக்கு முக்கியமில்லாதது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது

பி.கே.கே.பி.யும் ரியோ டின்டோவும் 2022 நவம்பரில் சீரமைப்புக்கான ஓர் உடன்பாட்டுக்கு வந்தன, ஜூகன் பெயரில் ஓர் அறக்கட்டளையும் அதில் உண்டு. 2025இல் கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் கையெழுத்தானது. சுரங்கம் வரையத் தொடங்கும் கட்டத்திலேயே மண்ணுக்கு உரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது அதன் சாரம். நான்கு வழிகள் இருந்தால் நான்கையும் காட்ட வேண்டும். 2011 ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல தூரம்.

ஆனால் இந்த ஒப்பந்தம் ஒரு நிறுவனத்துக்கும் ஒரு மக்களுக்கும் இடையிலானது. பக்கத்துக் குத்தகையில் வேறு நிறுவனம், வேறு மக்கள், வேறு ஒப்பந்தம். ஜூகன் வெடித்த அதே வாரத்தில் பி.எச்.பி. நிறுவனத்துக்குத் தன் சவுத் ஃப்ளாங்க் சுரங்கத்தில், பஞ்சிமா மக்களின் மண்ணில், 40 இடங்கள் வரை சேதப்படுத்தச் சம்மதம் கிடைத்திருந்தது. நாடே கவனித்துக்கொண்டிருந்ததால் அந்த நிறுவனம் தானாக நிறுத்திவைத்தது. நாடாளுமன்றக் குழு கேட்ட மத்தியச் சட்டத்தைச் சேர்ந்து வரைய அரசும் பூர்வகுடிக் கூட்டமைப்பும் 2021 நவம்பரில் கையெழுத்திட்டன. வரைவு வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஜூகன் 2-இல் இடிபாட்டை அகற்றிவிட்டு மறுபடி அகழாய்வு தொடங்கினார்கள். இந்த முறை பி.கே.கே.பி. மக்களின் வழிகாட்டலில். குகையின் கூரை போய்விட்டாலும் தரைக்கடியில் சில அடுக்குகள் குலையாமல் மிஞ்சியிருக்கின்றன.